தனியாகத் தேறினால் போதுமா?

சாமளாபுரத்தில் மகள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து மீக்கடத்தியைப் பற்றி எழுதுவேன் என்று நான் ஓய்வு பெற்ற அன்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். நான் புதுச்சேரி அரசில் எழுத்தராக இருந்தவன். பள்ளிப் படிப்பு முழுக்கப் பிரெஞ்சு வழியில். மின்சாரத்தைப் பற்றித் தெரிந்ததெல்லாம் ஃபியூஸ் கட்டையில் கம்பி சுற்றுவது வரைதான். வழக்கமாக இங்கே பழைய புதுச்சேரிக் கதைகளைப் படிக்க வருகிறவர்கள் இந்த ஒரு முறை பொறுத்துக்கொள்ள வேண்டும். வீட்டில் நடந்த ஒரு விவாதத்தில் நான் தவறான பக்கம் நின்றுவிட்டேன். அதைச் சரிசெய்ய வேண்டும்.

என் மாப்பிள்ளை தறிக்குடோன் வைத்திருக்கிறார். பேத்தி கோயம்புத்தூரில் எம்.இ. இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். மின்கம்பியில் ஷார்ட் ஆகும்போது கட்டுக்கடங்காமல் பாயும் மின்னோட்டத்தைப் பிடித்து நிறுத்த, மீக்கடத்தியால் செய்த ஒரு கருவி உண்டு. ஃபால்ட் கரண்ட் லிமிட்டர் என்று பெயர். நான் அதைக் கடிவாளம் என்று வைத்துக்கொள்கிறேன். அந்தக் கடிவாளத்தை ஒரு மின்சுற்றில் மாட்டினால் என்னென்ன நடக்கும் என்று கணினியில் மாதிரி செய்து பார்ப்பதுதான் அவளுடைய புராஜெக்ட். படிப்பு முடிந்ததும் இதிலேயே ஆராய்ச்சிக்குப் போக வேண்டும் என்கிறாள்.

இரண்டு மாதம் முன்பு, சாப்பாட்டு நேரத்தில் மாப்பிள்ளை என்னைப் பஞ்சாயத்துக்குக் கூப்பிட்டார்.

"ஏனுங்க மாமா, நீங்களாச்சும் சொல்லுங்க. இல்லாத சாமானைக் கம்ப்யூட்டர்ல செஞ்சு, இல்லாத கம்பத்துல மாட்டி, அது எரியுதா இல்லையான்னு பாக்கறதுக்கு ரெண்டு வருசம். இன்னும் நாலஞ்சு வருசம் இதையே படிக்கோணுமாம். இதுல என்னங்க இருக்குது?"

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "கண்ணு, குரூப் தேர்வு எழுதிப் பாரேன். வேலை நிலையா இருக்கும்" என்றேன். எழுத்தன் புத்தி எழுத்தர் வேலையைத்தான் காட்டும். அவள் பதில் சொல்லவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

மறுநாள் காலை நானே அவளிடம் போய், "அது என்ன என்று எனக்குப் புரிகிற மாதிரி சொல்" என்று கேட்டேன். அவள் சொன்னதையும், அதன்பிறகு நானே தேடிப் படித்ததையும்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் மீக்கடத்தி. 1911-ல் ஹாலந்தின் லெய்டன் நகரத்தில் காமர்லிங் ஓன்னஸ் என்பவர் பாதரசத்தைக் குளிர்வித்துக்கொண்டே போனார். பூஜ்யத்துக்குக் கீழே 269 டிகிரி செல்சியஸை ஒட்டி, அதன் மின்தடை சட்டென்று காணாமல் போனது. தடை இல்லை என்றால் சூடு இல்லை, இழப்பு இல்லை. வளையமாகச் செய்த மீக்கடத்திக் கம்பியில் ஒருமுறை மின்சாரத்தை ஓடவிட்டால், மின்சப்ளையைக் கழற்றிய பிறகும் அது ஓடிக்கொண்டே இருக்கும். முதுகுவலிக்கு எம்.ஆர்.ஐ. எடுத்தவர்கள் அப்படிப்பட்ட ஒரு வளையத்துக்குள்தான் படுத்து எழுந்திருக்கிறார்கள். நானும் எழுந்திருக்கிறேன். உள்ளே இருந்தபோது இது தெரியாது. தெரிந்திருந்தால் கொஞ்சம் மரியாதையாகப் படுத்திருப்பேன்.

1986-ல் ஜூரிக்கில் பெட்னார்ஸ், முல்லர் என்ற இருவர், பீங்கான் போன்ற ஒரு கலவைப் பொருள் அவ்வளவு கடுங்குளிர் இல்லாமலே மீக்கடத்தியாவதைக் கண்டுபிடித்தார்கள். அடுத்த ஆண்டே, திரவ நைட்ரஜனின் குளிரிலேயே, அதாவது மைனஸ் 196 டிகிரியிலேயே வேலை செய்யும் வகை கிடைத்தது. அந்த வகையால்தான் பேத்தி சொல்லும் கடிவாளத்தைச் செய்கிறார்கள்.

அதன் வேலை எளிது. சாதாரண நேரத்தில் தடையே இல்லாமல் மின்சாரத்தை விட்டுவிடும். ஓர் அளவுக்கு மேல் மின்னோட்டம் வந்தால் அதன் மீக்கடத்தும் குணம் போய்விடும். குணம் போனதும் தடை முளைக்கும். தடை முளைத்ததும் மின்னோட்டம் அடங்கும். நம் வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 முறை ஊசலாடுவது. ஓர் ஊசலுக்கு 20 மில்லிநொடி. அந்த ஓர் ஊசல் முடிவதற்குள் கடிவாளம் இறுகிவிடும். யாரும் சுவிட்ச் போட வேண்டியதில்லை. ஜெர்மனியின் எஸ்ஸன் நகரத்தில் 2014-ல் சுமார் ஒரு கிலோமீட்டர் நீள மீக்கடத்திக் கேபிளையும் அதனுடன் இப்படி ஒரு கடிவாளத்தையும் ஊருக்குள்ளேயே பதித்து, பல ஆண்டுகள் மின்சாரம் கொடுத்தார்கள். ஆகவே மாப்பிள்ளை சொன்ன "இல்லாத சாமான்" உலகத்தில் இருக்கிறது. நம் ஊர்க் கம்பத்துக்கு இன்னும் வரவில்லை, அவ்வளவுதான்.

"சரி, அதைச் செய்து மாட்டிப் பார்த்துவிட வேண்டியதுதானே, கணினி எதற்கு?" என்று கேட்டேன்.

அவள் மடிக்கணினியைத் திறந்து இரண்டு வரைபடம் காட்டினாள். முதல் படத்தில் கடிவாளம் மட்டும் தனியாக இருந்தது. இவ்வளவு மின்னோட்டம் வருகிறது என்று எழுதிக் கொடுத்தால், அழகாகத் தடை காட்டி அழகாக ஆறிப்போகிறது. முதல் பருவத்தில் இதைத்தான் செய்தாளாம். நல்ல மதிப்பெண்ணும் வந்தது.

இரண்டாவது படத்தில் அதே கடிவாளம் மின்சுற்றோடு சேர்ந்திருந்தது. டிரான்ஸ்பார்மர், நீளமான கம்பி, மறுமுனையில் தறி மோட்டார்கள். அங்கே கதை மாறிவிட்டது. மின்னோட்டம் கடிவாளத்தைச் சூடாக்குகிறது. சூடு தடையைக் கூட்டுகிறது. தடை மின்னோட்டத்தைக் குறைக்கிறது. குறைந்த மின்னோட்டம் சூட்டை மாற்றுகிறது. எது முதல், எது பின் என்று பிரிக்க முடியவில்லை. அதைவிட எனக்கு வியப்பாக இருந்தது வேறொன்று. பெரிய ஷார்ட்டைக் கடிவாளம் சமாளித்துவிட்டது. சின்ன ஷார்ட்டில்தான் எரிந்தது.

காரணம் கேட்டேன். மீக்கடத்தி நாடா முழு நீளத்துக்கும் ஒரே தரமாக இருக்காதாம். பெரிய வெள்ளம் வந்தால் நாடா முழுதும் ஒரே நேரத்தில் குணம் இழந்து சுமையைப் பகிர்ந்துகொள்ளும். அளவைச் சற்றே தாண்டிய மின்னோட்டம் வந்தால், இருப்பதிலேயே நோஞ்சானான ஓரிடம் மட்டும் குணம் இழக்கும். மற்ற இடமெல்லாம் எனக்கென்ன என்று இருக்க, முழுச் சூடும் அந்த ஓரிடத்தில் இறங்கும். அது உருகிவிடும்.

"நிஜத்துல எரிச்சிருந்தா விலை உயர்ந்த நாடா போயிருக்கும் தாத்தா. இங்க எரிஞ்சா, திரும்பவும் முதல்ல இருந்து ஓட்டலாம்" என்றாள்.

நான் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தேன். எனக்கு என் உத்தியோக காலத்தில் நடந்த ஒரு சம்பவம் ஞாபகம் வந்துவிட்டது.

நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் ஒரு விதவைக்குக் குடும்ப ஓய்வூதியம் பல மாதம் வராமல் நின்றுபோனது. அந்த அம்மா வாரம் ஒருமுறை வந்து மரப்பெஞ்சில் உட்காருவார். கோப்பை எடுத்துப் பார்த்தால் என் மேசையில் எல்லாம் சரி. நானே "சரிபார்க்கப்பட்டது" என்று எழுதிக் கையெழுத்திட்டிருக்கிறேன். பணம் வழங்கும் அலுவலகத்தில் கேட்டால் அங்கேயும் எல்லாம் சரி. இரண்டு இடமும் சரி என்றால் பணம் ஏன் போகவில்லை? ஒருநாள் எங்கள் பதிவேட்டை நானே தூக்கிக்கொண்டு அந்த அலுவலகத்துக்குப் போய், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். எங்களிடம் அந்த அம்மாவின் பெயருக்கு முன்னால் தகப்பனாரின் இனிஷியல். அங்கே கணவரின் இனிஷியல். ஒவ்வொரு மேசையும் தன்னளவில் தவறே செய்யவில்லை. தவறு இரண்டு மேசைக்கும் நடுவில் இருந்தது. அந்த இடம் யாருடைய பொறுப்பிலும் இல்லை. அது தெரிய வருவதற்குள் அந்த அம்மா காதுத் தோட்டை அடகு வைத்துவிட்டார். என் கையெழுத்தை நினைத்தால் இன்றும் கூசுகிறது.

பேத்தியிடம் இதைச் சொன்னேன். "இதேதான் தாத்தா. இங்கே இரண்டு புரோகிராம்" என்றாள். ஒன்று மீக்கடத்திக்குள் காந்தப்புலமும் சூடும் எப்படிப் பரவுகின்றன என்பதைச் சின்னச் சின்னக் கட்டமாகப் பிரித்துக் கணக்கிடும். இன்னொன்று வெளியே உள்ள மின்சுற்றைக் கணக்கிடும். இந்த இரண்டாம் வகைக்கு முன்னோடியான ஸ்பைஸ் என்ற புரோகிராம் 1970-களின் தொடக்கத்திலேயே அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் எழுதப்பட்டது. சுற்றுக் கணக்கு, "இவ்வளவு மின்னோட்டம்" என்று சொல்லும். மீக்கடத்திக் கணக்கு அதை வாங்கிக்கொண்டு, "அப்படியானால் என் தடை இவ்வளவு" என்று திருப்பி அனுப்பும். சுற்று தன் கணக்கைத் திருத்தும். இரண்டும் ஒத்துப்போகும் வரை கோப்பு போய் வந்துகொண்டே இருக்கும். மாதக் கடைசியில் எங்கள் துறைக் கணக்கையும் கருவூலக் கணக்கையும் ஒப்புநோக்கியது போல. முப்பது வருடத்துக்கு மேல் நான் செய்த வேலையையே இவள் மில்லிநொடிக் கணக்கில் செய்கிறாள் என்று அப்போதுதான் உறைத்தது.

இது ஏதோ கல்லூரிப் பயிற்சி என்று நினைத்துவிடாதீர்கள். இதன் அருமையை உலகம் பெரும் விலை கொடுத்துக் கற்ற இடம் ஒன்று உண்டு.

பிரான்ஸும் சுவிட்சர்லாந்தும் சந்திக்கும் எல்லையில், பூமிக்கு அடியில் 27 கிலோமீட்டர் சுற்றளவுள்ள ஒரு வளையச் சுரங்கம் இருக்கிறது. செர்ன் ஆராய்ச்சி மையத்தின் துகள் மோதுவிப்பான் அங்கேதான். செர்ன் வளாகத்தில் இந்தியா 2004-ல் கொடுத்த நடராசர் சிலை நிற்பதைப் பலரும் படத்தில் பார்த்திருப்பீர்கள். அந்த மையம் பிரெஞ்சிலும் அறிக்கை வெளியிடுவதால் எனக்கு ஒரு வசதி. ஐம்பது வருடத்துக்கு மேல் துருப்பிடித்துக் கிடந்த பிரெஞ்சைத் தூசு தட்டிப் படித்தேன். மீக்கடத்தி திடீரென்று குணம் இழப்பதை ஆங்கிலத்தில் க்வெஞ்ச் என்கிறார்கள். பிரெஞ்சுக்காரர்கள் "த்ரான்ஸிசியோன் ரெஸிஸ்தீவ்" என்கிறார்கள், தடைநிலைக்கு மாறுதல் என்று பொருள். எங்கள் பிரெஞ்சு ஆசிரியர் இருந்திருந்தால் இரண்டாவதற்கே மதிப்பெண் போட்டிருப்பார்.

அந்த வளையத்தில் துகள் கற்றையை வளைக்கும் 1,232 பெரிய மீக்கடத்திக் காந்தங்கள். மைனஸ் 271 டிகிரிக் குளிர். வளையத்தை எட்டுப் பகுதியாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியிலும் 154 காந்தங்களை ஒன்றன்பின் ஒன்றாக ஒரே சுற்றில் இணைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு காந்தத்தையும் சுரங்கத்தில் இறக்கும் முன் குளிர்வித்துத் தனித்தனியாகச் சோதித்தார்கள். அந்தச் சோதனை வேலையில் நம் இந்தியப் பொறியாளர்களும் போய் உழைத்தார்கள்.

2008 செப்டம்பர் 10 அன்று முதல் கற்றை ஓடியது. உலகமே கைதட்டியது. ஒன்பது நாள் கழித்து, செப்டம்பர் 19 அன்று, ஒரு பகுதியில் மின்னோட்டத்தைக் கூட்டிக்கொண்டு போகும்போது, சுமார் 8,700 ஆம்பியரில் ஓர் இணைப்பு விட்டுப்போனது. காந்தம் விட்டுப்போகவில்லை. ஒரு காந்தத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே கம்பியையும் கம்பியையும் ஈயப்பற்று வைத்துச் சேர்த்த இடம்.

அந்த இணைப்பின் தடை சுமார் 200 நானோ ஓம் இருந்திருக்கும் என்று பிறகு கணித்தார்கள். ஓர் ஓமில் ஐம்பது லட்சத்தில் ஒரு பங்கு. நான் காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். 8,700 ஆம்பியரில் அது தரும் சூடு ஏறக்குறைய 15 வாட். எங்கள் வாசல் எல்.இ.டி. பல்பு அவ்வளவு எரிக்கிறது! அந்தக் கடுங்குளிரில் அதுவே போதுமானதாக இருந்தது. இணைப்பு குணம் இழந்தது, உருகியது, அறுந்தது.

சாதாரணக் கம்பி அறுந்தால் மின்சாரம் நின்றுவிடும். இங்கே நிற்காது. கிணற்றிலிருந்து நீளமான பைப்பில் வேகமாக ஓடும் தண்ணீரைத் திடீரென்று அடைத்தால் பைப்பே அதிர்ந்து உடைவதைத் தோட்டக்காரர்கள் அறிவார்கள். 154 பெரிய சுருள்களில் ஓடிய மின்னோட்டம் அப்படித்தான் நிற்க மறுத்தது. அறுந்த இடத்தில் தீப்பொறியாகப் பாய்ந்தது. அந்தச் சுற்றில் அப்போது சேர்ந்திருந்த ஆற்றல் சுமார் 600 மெகாஜூல். நம் மீட்டர் கணக்கில் சொன்னால் 167 யூனிட், நடுத்தரக் குடும்பம் ஒன்றின் ஒரு மாத உபயோகம். அதில் ஒரு பகுதி ஒரே இடத்தில் வெளிவந்ததும் உறை ஓட்டையாகிவிட்டது. சுமார் ஆறு டன் ஹீலியம் வெளியேறியது. 53 காந்தங்களை வெளியே எடுத்துப் பழுதுபார்க்க வேண்டியதாயிற்று. மறுபடி கற்றை ஓட ஓராண்டுக்கு மேல், 2009 நவம்பர் வரை ஆனது.

இதைப் படித்துவிட்டு மாப்பிள்ளையிடம் சொன்னேன். அவர் ஒரு நொடியில் பிடித்துக்கொண்டார். "பாவு பிணைச்சதுல கோளாறுன்னு சொல்லுங்க" என்றார். தறியில் பழைய பாவு தீர்ந்ததும் புதுப் பாவின் நூல்களை ஒவ்வொன்றாகப் பழையதோடு பிணைப்பார்கள். நூல் நல்ல நூல், தறி நல்ல தறி, பிணைத்த முடிச்சு சரியில்லை என்றால் துணி போச்சு. அவருக்கு நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அப்புறம் அவர்கள் செய்ததுதான் என் கட்சிக்கு ஆதாரம். சுரங்கத்தில் அப்படிப்பட்ட பெரிய இணைப்புகள் 10,000-க்கும் மேல். எது நல்லது, எது சுமார் என்று அளந்து பார்த்தார்கள். எல்லாவற்றையும் உடனே திறந்து சரிசெய்ய வேண்டுமானால் இன்னும் நெடுங்காலம் ஆகும். அப்போது கணினி மாதிரிகள்தான் முக்கியமான ஒரு கேள்விக்கு விடை தந்தன. இவ்வளவு சுமாரான இணைப்பு எவ்வளவு மின்னோட்டம் வரை தாங்கும்? இணைப்பின் சூடு, சுற்றில் மின்னோட்டம் தணிய ஆகும் நேரம், பாதுகாப்புக் கருவி விழித்துக்கொள்ளும் நேரம், மூன்றையும் சேர்த்து ஓட்டிப் பார்த்தார்கள். வடிவமைத்த அளவில் பாதி, அதாவது ஒரு கற்றைக்கு 7-க்குப் பதில் 3.5 டெரா எலக்ட்ரான் வோல்ட் வரை போகலாம் என்று முடிவெடுத்து, 2010 மார்ச் 30 அன்று மோதல்களைத் தொடங்கினார்கள். 2012-ல் 4 வரை போனார்கள். அந்த ஆண்டு ஜூலை 4 அன்று ஹிக்ஸ் துகளைக் கண்டதாக அறிவித்தார்கள். இணைப்புகளை முழுமையாகச் சரிசெய்தது அதற்குப் பிறகு, 2013, 2014-ல்தான். "இதுவரை போகலாம், இதற்கு மேல் வேண்டாம்" என்று அந்தக் கணக்கு சொல்லியிராவிட்டால், அவ்வளவு பேரின் உழைப்பும் பழுதுபார்ப்புக்காகக் காத்துக் கிடந்திருக்கும்.

இன்று செர்னில் ஸ்டீம் என்ற பெயரில் இதற்கென்றே ஒரு புரோகிராம் தொகுப்பு வைத்திருக்கிறார்கள். மீக்கடத்திக்குள் சூடு பரவுவது மில்லிநொடிகளில். சுற்றில் மின்னோட்டம் தணிவது நிமிடங்களில். வேகம் வேறான இரண்டு கணக்கையும் ஒன்றோடொன்று பேசவைப்பதுதான் அதன் வேலை.

நாம் இதில் வேடிக்கை பார்த்தவர்களும் அல்ல. அந்த வளையத்தில் ஒரு காந்தத்தின் ஓர் இடம் குணம் இழந்தால், வேண்டுமென்றே மற்ற இடங்களையும் சூடாக்கி, முழுக் காந்தத்தையும் குணம் இழக்கச் செய்வார்கள். சுமை ஒரே தலையில் இறங்காமல் பகிர்ந்து போகட்டும் என்று. பேத்தியின் கடிவாளம் எரிந்த அதே பிரச்சினைக்கு அங்கே கண்ட மருந்து. அந்தச் சூடேற்றிகளுக்கு மின்சாரம் கொடுக்கும் கருவிகள் ஐயாயிரத்துக்கும் மேல் இந்தியாவிலிருந்து போனவை. காந்தங்களைத் தாங்கி நிற்கும் ஜாக்கிகள் ஏழாயிரம் நாம் செய்தவை. கொல்கத்தாவில் மீக்கடத்தி சைக்ளோட்ரான், காந்திநகரில் மீக்கடத்திக் காந்தங்கள் கொண்ட டோக்கமாக் இருக்கின்றன. நம் கல்பாக்கத்தில் ஸ்குவிட் என்ற மீக்கடத்தி உணரிகளால் இதயமும் மூளையும் எழுப்பும் மிக நுண்ணிய காந்தப்புலத்தை அளக்கிறார்கள். அந்த உணரியும் தன்னைச் சுற்றியுள்ள மின்னணுச் சுற்றோடு சேர்ந்தால்தான் சரியான அளவு சொல்லும்.

மாப்பிள்ளையின் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. அதை மறைக்கக் கூடாது. இந்தப் படிப்புக்கு நம் பக்கத்தில் வேலை குறைவு. மீக்கடத்தி நாடாவும் குளிர்விப்பும் செலவு பிடித்தவை. நம் தெருக் கம்பத்தில் இந்தக் கடிவாளத்தை நான் பார்க்கப் போவதில்லை. போன வருட மழையில் தென்னை மட்டை கம்பியில் விழுந்து, டிரான்ஸ்பார்மர் வெடித்து, எங்கள் தெருத் தறிகள் மூன்று நாள் நின்றன. கூலிக்கு ஓட்டுகிறவர்களுக்கு மூன்று நாள் என்பது சின்ன விஷயம் இல்லை. "அதுக்கு உம்ம பொண்ணு கணக்கு என்ன பண்ணுச்சு?" என்று யாரும் கேட்கலாம்.

ஆனால் அவள் கற்றுக்கொண்டது மீக்கடத்தி மட்டுமா? சூடும் மின்சாரமும் ஒன்றையொன்று மாற்றும் எந்த இடத்துக்கும் அந்தக் கணக்கு செல்லும். டிரான்ஸ்பார்மர், மோட்டார், மின்வண்டியின் பேட்டரி எல்லாவற்றுக்கும். ஒரு பொருளை அது மாட்டப்படும் இடத்தோடு சேர்த்து யோசிக்கிற பழக்கம் வந்துவிட்டால், அவள் தறிக்குடோனுக்கு வந்தாலும் அது உதவும்.

கணினி மாதிரியைப் பற்றி எனக்கு ஒரு பயமும் உண்டு. இணைப்பு நன்றாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தால் கணினி நம்பிக்கொள்ளும். அது போய்த் தொட்டுப் பார்க்காது. நான் "சரிபார்க்கப்பட்டது" என்று கையெழுத்துப் போட்டதைப் போல அதுவும் பச்சை விளக்கு காட்டும். வண்ணப் படம் அழகாக இருப்பதாலேயே உண்மை ஆகிவிடாது. ஆகவே மாதிரி செய்கிறவர்கள், எதை எதை அனுமானமாக வைத்தோம் என்று முதல் பக்கத்திலேயே எழுத வேண்டும். விடை காட்டுகிறவர்களிடம் ஆசிரியர்கள், "இதைச் சுற்றோடு சேர்த்து ஓட்டினாயா? பலவீனமான இடத்தை வைத்து ஓட்டினாயா?" என்று கேட்க வேண்டும். தனியாக ஓட்டிய முதல் படத்துக்கே முழு மதிப்பெண் போட்டு அனுப்பிவிட்டால், பிள்ளைகள் அதோடு நின்றுவிடுவார்கள். என் பேத்தி நிற்காதது அவள் குணம்.

பெற்றோருக்கும் தாத்தாக்களுக்கும் ஒன்று. கையில் எண்ணெய் படாத வேலை வேலையே இல்லை என்ற எண்ணம் இந்தத் தொழில் பெல்ட்டில் அதிகம். உழைத்து முன்னேறிய ஊர், அப்படி நினைப்பது இயல்புதான். ஆனால் எரியப் போவதை முன்கூட்டி, ஒரு ரூபாய்ப் பொருளும் கெடாமல், திரையில் எரித்துப் பார்க்கிறவளும் உழைக்கிறாள். அதைக் கேலி செய்து, நிலையான நாற்காலியைக் காட்டி இழுப்பது எளிது. அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தவன் சொல்கிறேன், அதற்காக ஒரு நல்ல மூளையை இழுக்காதீர்கள்.

பள்ளியில் எங்களுக்கு லியேஸோன் என்று ஒன்று சொல்லித் தந்தார்கள். பிரெஞ்சில் "லே" என்ற சொல்லின் கடைசி எழுத்து தனியாக இருக்கும்போது ஊமை. அடுத்து "அமி" வந்து சேர்ந்தால் "லேஸமி" என்று அது வாய்திறக்கும். நம் தமிழில் பல்லும் பொடியும் சேர்ந்தால் பற்பொடி ஆகிறதே, அது மாதிரி. தனிச்சொல்லை மட்டும் மனப்பாடம் செய்தவன் டிக்டேஷனில் தோற்பான். நான் பலமுறை தோற்றிருக்கிறேன்.

கடைசியாக நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். பேத்தியின் கணக்கு ஒருமுறை ஓடி முடிய அவளுடைய மடிக்கணினியில் இரவு முழுக்க ஆகிறது. நினைவகம் போதாமல் சில நாள் நடுவிலேயே நின்றுவிடுகிறது. நல்ல கணினி ஒன்று வேண்டும் என்று கேட்டிருந்தாள். "அந்தக் காசுக்குப் பழைய தறி ஒண்ணு வாங்கலாம்" என்று மாப்பிள்ளை தள்ளிப்போட்டிருந்தார். போன மாத ஓய்வூதியம் வந்ததும் பாதிப் பணம் நான் தருகிறேன் என்றேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "மீதி நான் போடறனுங்க மாமா. ஆனா அந்த மிசின்ல நம்ம குடோன் வயரிங்கையும் ஒருக்கா போட்டுப் பாக்கச் சொல்லுங்க" என்றார்.

பேத்தி சம்மதித்துவிட்டாள். ஆராய்ச்சிக்குப் போவது பற்றி இன்னும் முடிவாகவில்லை. ஆனால் வீட்டில் குரூப் தேர்வைப் பற்றி இப்போது யாரும் பேசுவதில்லை. முதலில் பேசியவனே நிறுத்திவிட்டேன்.